ஞாயிறு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவிலுள்ள சோலன்ட் நீரிணையில், என் 26 அடிப் பாய்மரப் படகில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இயந்திரம் நின்றுவிட்டது. முன்பாய் கிழிந்துவிட்டது. நங்கூரம் தரையைப் பற்றாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. பின்னால், 200 மீட்டருக்கும் குறைவான தொலைவில், பாறைத் திட்டில் அலை உடையும் சத்தம் கேட்டது. நான் உயிரோடு கரை சேர்ந்தேன், படகும் தப்பியது. ஆனால் அன்று நடந்த ஒவ்வொன்றும் முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்கக் கூடியது என்பதும், அதை யாரும் எனக்கு நம் மொழியில் எடுத்துச் சொல்லவில்லை என்பதும் இன்றுவரை என் மனத்தை உறுத்துகின்றன. சவுத்தாம்ப்டன், போர்ட்ஸ்மத் பக்கம் குடியேறிய நம்மவர்கள் சிலர் இப்போது பாய்மரப் படகு பழகுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. என் தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற பாய்மரத் தோணியில் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக, இருந்தவர். பெண்பிள்ளை என்பதால் என்னை அவர் ஒருநாளும் தோணியில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போனதில்லை; ஆனால் திண்ணையில் உட்கார்ந்து காற்றைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். வாடை என்றால் வாடை, கச்சான் என்றால் கச்சான்; எங்கள் ஊரில் ஒரு காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வீசும். அதற்கேற்பத்தான் தோணிக்காரர்கள் பயணத்தையும் பழுதுபார்க்கும் காலத்தையும் வகுத்துக்கொண்டார்கள். சவுத்தாம்ப்டனில் மருந்தாளுநராக வேலைக்கு வந்து, பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.யின் டே ஸ்கிப்பர் என்ற படகுத்தலைவர் பயிற்சியை முடித்து, சேமிப்பிலிருந்து 4,500 பவுண்டு கொடுத்து ஒரு பழைய படகை வாங்கியபோது, கடல் என் இரத்தத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் என்னோடு சேர்ந்து ஏறிக்கொண்டது. தூத்துக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9 பாகை வடக்கே இருக்கிறது. சோலன்ட் 50 பாகையைத் தாண்டி இருக்கிறது. அங்கே ஓர் ஆண்டில் மாறும் காற்று இங்கே குளிர்காலத்தில் ஒரே நாளில் மாறிவிடும் என்பதைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். ஆனால் உடம்பு அதை நம்பவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன. குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி வருகின்றன. பல வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். ஒரு தாழ்வழுத்தம் போய் அடுத்தது வருவதற்கு இடையில், உயரழுத்தத்தின் ஒரு மேடு குறுக்கே நகர்ந்து செல்லும். அந்த நேரத்தில் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருக்கும், காற்று மிதமாக இருக்கும், வெயில் அடிக்கும். அந்த மேடு சனிக்கிழமையன்று வந்து நின்றால் எல்லோருக்கும் படகெடுக்கத் தோன்றும். ஆனால் அது நகரும் மேடு. அதன் பின்னாலேயே அடுத்த தாழ்வழுத்தம் வந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமையின் வெயில் ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த உறுதியும் தருவதில்லை. நான் அதை உறுதியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் புதன்கிழமையிலிருந்தே கைப்பேசிச் செயலியில் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைக்கு வடமேற்கிலிருந்து 10 நாட், ஞாயிறு காலை தென்மேற்கிலிருந்து 15 நாட், ஞாயிறு இரவு 30 நாட் என்று காட்டியது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். சவுத்தாம்ப்டனுக்கு அருகே என் படகு நிற்கும் ஹாம்பிள் ஆற்றிலிருந்து சனிக்கிழமை புறப்பட்டு, ஏறக்குறைய 15 கடல்மைல் மேற்கே, வைட் தீவின் யார்மத் துறைமுகத்தில் இரவு தங்கி, ஞாயிறு மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். செயலி காட்டுவது சராசரிக் காற்று. இடையிடையே திடீரென அடிக்கும் வீச்சுக்காற்று அதைவிட 40 சதவீதம் கூடுதலாக இருக்கலாம். தாழ்வழுத்தம் கணித்ததைவிட ஆறு மணி நேரம் முன்னதாக வருவது இங்கே அபூர்வமும் அல்ல. பிரிட்டனின் வானிலை அலுவலகமான மெட் ஆஃபீஸ் வெளியிடும் அழுத்த வரைபடத்தைப் பார்த்திருந்தால், சமஅழுத்தக் கோடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு தாழ்வழுத்தமும், அதிலிருந்து தொங்கும் குளிர்முகப்பும், அதாவது குளிர்ந்த காற்றின் முன்விளிம்பும், வேகமாக நெருங்குவது தெரிந்திருக்கும். ஒரு எண்ணைப் பார்ப்பவருக்கு அந்த எண் மட்டுமே தெரியும். வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது பிழையானால் எப்படிப் பிழையாகும் என்பதும் தெரியும். இப்போது நான் புதன்கிழமை முதல் நாள்தோறும் வரைபடத்தைப் பார்க்கிறேன். அடுத்தடுத்த நாள்களில் வெளியாகும் வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, அல்லது முகப்பு வரும் நேரம் முன்னும் பின்னும் அலைகிறதா என்பதே எனக்கு முதல் கேள்வி. அலைந்தால் போவதில்லை.

சனிக்கிழமைப் பயணம் அருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். காலை பத்தரை மணிக்கு, நீரோட்டம் மேற்கே திரும்பும் நேரத்தில் புறப்பட்டேன். கால்ஷாட் மணல்முனையைத் தாண்டி மேற்கே திரும்பியபோது, பக்கவாட்டில் வந்த வடமேற்குக் காற்றில் படகு ஒரே சாய்வில் சென்றது. கோடையில் நூற்றுக்கணக்கில் பாய்கள் தெரியும் அந்த நீரில் அன்று நான்கைந்து படகுகளே இருந்தன. இரண்டு மணிக்குள் யார்மத்தில் கட்டிவிட்டேன். ஆனால் அந்த மூன்று மணி நேரத்திலேயே விரல்கள் மரத்துப்போனதையும், காற்றழுத்தமானி 1022 ஹெக்டோபாஸ்கலில் நின்றுவிட்டு மெதுவாக இறங்கத் தொடங்கியதையும் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. மாலையில் கணவர் தொலைபேசியில், “நாளைக்கு சாயங்காலம் வந்துடுவல்ல? திங்கக்கிழமை எனக்குக் காலையிலயே லண்டன் போகணும், பிள்ளைய நீதான் ஸ்கூல்ல விடணும்” என்றார். எனக்கும் திங்கள் காலை பணி இருந்தது. வந்துவிடுவேன் என்று சொன்னேன். அந்த ஒரு சொல் மறுநாள் முழுவதும் என் ஒவ்வொரு முடிவையும் ஒரே பக்கம் சாய்த்தது.

அன்றிரவு பத்து மணிக்கு, வைட் கடற்பகுதிக்குக் கேல் எனப்படும் கடுங்காற்று எச்சரிக்கை இருப்பதைக் கைப்பேசியில் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து விசை 8, நேரம், ‘லேட்டர்’. விசை 8 என்றால் சராசரிக் காற்றே 34 முதல் 40 நாட்வரை. ‘லேட்டர்’ என்ற சொல்லை நான் ‘பிறகு எப்போதோ’ என்று, அதாவது ஞாயிறு இரவு என்று, எனக்கு வேண்டியபடி பொருள் கொண்டேன். அது தவறு, அந்தத் தவற்றைப் பலர் செய்கிறார்கள். இந்த எச்சரிக்கைகளில் சொற்களுக்கு அளவான பொருள் உண்டு. ‘இமினென்ட்’ என்றால் 6 மணி நேரத்துக்குள். ‘சூன்’ என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள். ‘லேட்டர்’ என்றால் 12 மணி நேரத்துக்கு மேல். இவை எல்லாம் எச்சரிக்கை வெளியான நேரத்திலிருந்து எண்ணப்பட வேண்டியவை, நாம் படித்த நேரத்திலிருந்து அல்ல. அந்த எச்சரிக்கை சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியானது. ஆகவே ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிறகு எந்த நேரத்திலும் கேல் வரலாம் என்பதே அதன் பொருள். நான் படித்தபோதே நான்கு மணி நேரம் கழிந்திருந்தது. எச்சரிக்கையைப் பார்த்தவுடன் வெளியான நேரத்தைத் தாளில் எழுதி, அதற்குப் பக்கத்தில் கடிகார நேரமாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். எச்சரிக்கையில் நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். குளிர்காலத்தில் பிரிட்டனின் கடிகாரமும் அதுவும் ஒன்றுதான், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்படத் திட்டம். மேற்கு சோலன்ட்டில் நீரோட்டம் போர்ட்ஸ்மத்தின் உயர் ஓதத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு திசை மாறும். அன்று நீர் திரும்பும் நேரம் பதினொன்றேகால் மணி. அதுவரை கிழக்கே ஓடும் நீர் என்னைச் சுமந்து செல்லும். பத்தரைக்குள் ஹாம்பிள் வாய்க்குப் போய்விடலாம். ஆனால் இரவுக் குளிரில் மின்கலம் சோர்ந்து, இயந்திரம் கிளம்பவில்லை. பக்கத்துப் படகிலிருந்த முதிய ஆங்கிலேயர் தம் மின்கலத்தைக் கொண்டுவந்து இணைத்து உதவினார். இயந்திரம் ஓடத் தொடங்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அவர் மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டு, படகை இங்கேயே விட்டுவிட்டு ஃபெரியில் போய்விடுங்களேன் என்று மெதுவாகச் சொன்னார். யார்மத்திலிருந்து மறுகரையிலுள்ள லிமிங்டனுக்கு ஃபெரி ஏறக்குறைய 40 நிமிடத்தில் போய்விடும். அங்கிருந்து புரோக்கன்ஹர்ஸ்ட் வழியாகச் சவுத்தாம்ப்டனுக்கு இரயில் உண்டு. மாலைக்குள் வீட்டில் இருந்திருக்கலாம். அப்படியானால் அடுத்த வாரம் மீண்டும் வந்து படகை எடுக்க வேண்டுமே, தங்குகட்டணம் ஏறுமே என்ற எண்ணம் வந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். அப்போது மணி பத்து இருபது. மூன்று மணி நேரம் தாமதமானது, ஆனால் திட்டத்தை மறுபடி கணக்கிடவே இல்லை. தாமதம் நேர்ந்தால் பழைய திட்டம் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, நீரோட்டம், காற்று, வெளிச்சம் மூன்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் முக்கால் மணி நேரம் பறந்தேன். பின்னாலிருந்து தென்மேற்குக் காற்று 20 நாட்; நீரும் அதே திசையில்; பெரிய பாயை ஏற்றாமல் முன்பாயை மட்டும் விரித்திருந்தேன். காற்றும் நீரும் ஒரே திசையில் போகும்போது கடல் தட்டையாக இருக்கும். பின்காற்றில் படகின் வேகம் காற்றின் வேகத்திலிருந்து கழிந்துவிடுவதால் காற்று இருப்பதைவிடக் குறைவாகவே உறைக்கும். இது பெரிய ஏமாற்று. நியூடவுன் ஓடையின் வாயைக் கடந்து, சால்ட் மீட் மிதவையைத் தாண்டியபோது நீரோட்டம் திரும்பியது. அதே நேரத்தில் காற்று 30 நாட்டைத் தொட்டது. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 15 நாட்டுக்கும் 30 நாட்டுக்கும் வேறுபாடு இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. எதிர்நீரோட்டத்தின்மீது அந்தக் காற்று ஏறியபோது பத்தே நிமிடங்களில் கடல் வேறு கடலாகிவிட்டது. அலைகள் ஒன்றரை மீட்டருக்கு மேல் இல்லை. ஆனால் செங்குத்தாக, ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. ஒரு அலையிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்து படகின் பின்புறத்தில் ஏறியது. எங்கள் ஊரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட மாறாது. சவுத்தாம்ப்டனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டர்வரை மாறும். அவ்வளவு நீரும் அந்தக் குறுகிய நீரிணை வழியாகத்தான் போய்வருகிறது.

முன்பாயைச் சுருட்டப் போனேன். சுருட்டும் கயிறு உருளையில் சிக்கிக்கொண்டது. கட்டுக்கடங்காமல் அடித்துக்கொண்ட பாய் நடுத் தையலில் கிழியத் தொடங்கியது. இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினேன். இரண்டு நிமிடம் திணறிவிட்டு அது நின்றுவிட்டது. பிறகு பழுதுபார்த்தவர் காரணத்தைச் சொன்னார். குளிர்காலத்தில் அரைகுறையாக நிரப்பிய டீசல் தொட்டியின் உட்சுவரில் ஈரம் படியும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கசடாகி அடியில் தங்கும். துறைமுகத்தில் மாதக்கணக்கில் தெரியாத அந்தக் கசடு, படகு குலுங்கும் முதல் நாளில் கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிடும். இயந்திரம் மிகவும் தேவைப்படும் நாளும் அதுவே. தொட்டியைக் குளிர்காலம் முழுவதும் விளிம்புவரை நிரப்பி வையுங்கள். உதிரி வடிகட்டியைப் படகில் வைத்து, கரையில் கட்டியிருக்கும்போதே அதை மாற்றப் பழகிக்கொள்ளுங்கள்.

கிழிந்த பாயின் மிச்சத்தைக் கொண்டு, எப்படியோ படகைத் தென்கிழக்கே திருப்பி, வைட் தீவின் வடகரையிலுள்ள தார்னஸ் விரிகுடாவுக்குள் நுழைந்தேன். தென்மேற்குக் காற்றுக்குத் தீவே மறைவாக இருந்ததால் அங்கே அலை தணிந்திருந்தது. ஐந்து மீட்டர் ஆழத்தில் நங்கூரத்தை விட்டு, 20 மீட்டர் சங்கிலி கொடுத்தேன், பிடித்துக்கொண்டது. மணி பன்னிரண்டு பத்து. கீழே இறங்கித் தேநீர் ஊற்றிக் குடித்தேன், அழுதேன், பிறகு நன்றாக இருப்பதாக உணர்ந்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தை நான் வீணாக்கினேன். அந்த நாளின் மிகப் பெரிய தவறு அதுதான். வி.எச்.எஃப். வானொலி கையெட்டும் தொலைவில் இருந்தது. கடலோரக் காவல்படையை 16ஆம் அலைவரிசையில் அழைத்து, இயந்திரம் நின்றுவிட்டது, தனியாக இருக்கிறேன், நங்கூரமிட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலைக்கென்றே ‘பான்-பான்’ என்ற அழைப்பு இருக்கிறது. வெட்கம் தடுத்தது. பழுப்பு நிறத்துப் பெண் ஒருத்தி குளிர்காலத்தில் தனியாகப் போய் மாட்டிக்கொண்டாள் என்று பேசுவார்களே என்று நினைத்தேன். பிறகு காவல்படையினரோடு பேசியபோது தெரிந்தது, சிக்கல் சிறிதாக இருக்கும்போதே அழைப்பவரைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்திருக்க வேண்டிய இன்னொன்றும் இருந்தது. காலை 8 மணிக்குக் குறித்த காற்றழுத்தம் 1006. 11 மணிக்கு 999. மூன்று மணி நேரத்தில் 3.6 முதல் 6 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கடல் வானிலை அறிக்கைகளில் ‘விரைவாக இறங்குகிறது’ என்பார்கள். 6க்கு மேல் என்றால் ‘மிக விரைவாக’. எனக்கு ஏழு இறங்கியிருந்தது. எண்ணைக் குறித்தேன், கழித்துப் பார்க்கவில்லை. குளிர்முகப்பு கடக்கும்போது காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திடீரெனத் திரும்பும் என்பது பாடப்புத்தகத்தில் படித்ததே. தென்மேற்குக் காற்றில் மறைவாக இருக்கும் தார்னஸ் விரிகுடா, வடமேற்குக் காற்றில் நேரே கரையில் தள்ளும் பொறியாகிவிடும். வாரயிறுதிப் பயணத்துக்கு ஒதுங்குமிடம் தேடும்போது இப்போது வீசும் காற்றுக்கு மறைவா என்று கேட்பது போதாது. அடுத்து வரப்போகும் காற்றுக்கு மறைவா என்று கேட்க வேண்டும்.

ஒன்று பத்து மணியளவில் மழை சட்டென்று நின்றது. மேற்கே, கீழ்விளிம்பு கோடு கிழித்ததுபோன்ற ஒரு கருமேகம். இரண்டு நிமிடம் காற்றே இல்லை. பிறகு வடமேற்கிலிருந்து ஆலங்கட்டியோடு அறைந்தது. காற்றுமானி 41 நாட் காட்டியதைக் கண்டேன். அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை. படகு சங்கிலியில் சுழன்று, பின்புறத்தைக் கரைக்குக் காட்டி நின்றது. மிச்சமிருந்த பத்து மீட்டர் சங்கிலியையும் விட்டேன். கயிறு ஏதும் அதனுடன் இணைத்திருக்கவில்லை. நங்கூரம் இழுபட்டது, சங்கிலியில் கை வைத்தால் அது தரையில் உரசிக் குதிப்பது தெரிந்தது. அப்போதுதான் வானொலியை எடுத்தேன். கையுறையைக் கழற்றினால் விரல் வளையவில்லை. கைப்பேசித் திரை ஈர விரலை ஏற்கவே இல்லை. வானொலியில் சிவப்பு மூடிக்குள் இருக்கும் அவசரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படகின் இருப்பிடத்தோடு செய்தி தானாகப் போய்விடும். அந்த ஒரு வசதி இல்லாவிட்டால் என் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை. மறுமுனையில் பேசிய பெண்குரல் மிக அமைதியாக, எத்தனை பேர் இருக்கிறீர்கள், உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கிறீர்களா, படகில் நீர் ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்தக் குரலை மறக்க மாட்டேன்.

ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஆர்.என்.எல்.ஐ.யின் உயிர்காப்புப் படகு வந்தது. அதற்குள் என் சுக்கான் இரண்டு முறை தரையில் இடித்துவிட்டது. அவர்களில் ஒருவர் தாவி ஏறி, கயிற்றைப் படகின் முன்முனையான அணியத்தில் கட்டி, சங்கிலியைக் கடலில் விட்டுவிடச் சொன்னார். கவுஸ் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்றார்கள். 1824இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு நன்கொடையில் இயங்குகிறது. கடலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். ஒரு பென்னி கேட்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கரையில் பார்த்தபோது என் உடல் வெப்பம் 35 பாகைக்குச் சற்றுக் கீழே இருந்தது. நான் நீரில் விழவே இல்லை; காற்றும் ஈரமும் மட்டுமே அதைச் செய்தன. வெளியங்கி நல்லதுதான், ஆனால் உள்ளே பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் போட்டிருந்தேன். பருத்தி நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளியும் செயற்கை இழையும் நனைந்தாலும் ஓரளவு காக்கும். பிப்ரவரியில் சோலன்ட் நீர் ஏறக்குறைய 7 பாகை. அதில் விழுபவருக்கு 1, 10, 1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் பயன்படும் நேரம் பத்து நிமிடம், நினைவு தப்பும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் ஒரு நிமிடத்திலேயே அதிர்ச்சியில் நீரை விழுங்கிப் பலர் இறக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்பதற்கு அங்கே அதிக மதிப்பில்லை. உயிர்காப்பு அங்கியும், படகோடு உடம்பைப் பிணைக்கும் வாரும்தான் மதிப்புள்ளவை. தனியாகப் போகிறவர் படகை விட்டு விழவே கூடாது.

பணத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய முன்பாய்க்கு 1,150 பவுண்டு. தொட்டியைச் சுத்தம் செய்து இயந்திரத்தைச் சரிபார்க்க 640. நங்கூரமும் சங்கிலியும் 410. படகை நீரிலிருந்து தூக்கிச் சுக்கானைப் பார்த்துச் சீராக்க 480. மொத்தம் 2,680 பவுண்டு. அன்றைய மதிப்பில் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேல். மூன்று நாள் சம்பளமும் போனது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். நவம்பர் முதல் மார்ச் முடியும்வரை படகு பயன்பாட்டில் இல்லாமல் கட்டிவைக்கப்பட்டிருக்கும் என்ற நிபந்தனையில்தான் குறைந்த தவணைக்குக் காப்பீடு கொடுத்தோம் என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன். வேறொரு படகில் மோதியிருந்தால் என் வீடே போயிருக்கலாம். குளிர்காலத்தில் படகெடுக்க நினைப்பவர்கள், வானிலையைப் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு நிபந்தனையைத் தேடிப் பாருங்கள். ஆண்டு முழுவதுக்குமான காப்பீட்டுக்கு நான் இப்போது கூடுதலாகக் கட்டும் தொகை, அந்த ஒரு பாயின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

என் கணவருக்கு நடந்தது எதுவும் மாலை ஐந்து மணிவரை தெரியாது. எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று நான் சொல்லிவைக்கவில்லை. அதைவிட மோசமாக, திரும்பும் நேரத்தை மட்டும் வாக்காகக் கொடுத்திருந்தேன். தாத்தா சொல்வார்: “ஏளா, கடலுக்குப் போறவங்க திரும்பி வார நாளச் சொல்லிட்டுப் போகக் கூடாது.” அதை வெறும் சகுனமாக நினைத்திருந்தேன். நாள் குறித்துவிட்டால் கடல் அனுமதிக்காத நேரத்திலும் மனிதன் கிளம்பிவிடுவான் என்பதை அவர் தம் வாழ்நாளில் பார்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வாரயிறுதியில் மட்டும் கடலுக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்குத் திங்கட்கிழமையே பெரிய ஆபத்து. ஆகவே இப்போது நவம்பர் முதல் மார்ச்வரை வெளியே தங்கும் பயணமாக இருந்தால், படகை அங்கேயே விட்டு வருவதற்கான பணத்தையும் வழியையும் வெள்ளிக்கிழமையே ஒதுக்கிவைக்கிறேன். திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விட மாற்று ஏற்பாடும் அதில் அடங்கும். வழித்தடத்தையும் நேரத்தையும் சேஃப்டிரக்ஸ் செயலியில் பதிவு செய்கிறேன். குறித்த நேரம் தாண்டினால் அது கணவருக்குத் தெரிவிக்கும்.

புறப்படும் காலையில், சோலன்ட்டும் அடங்கும் ‘செல்சி பில் முதல் லைம் ரீஜிஸ் வரை’ என்ற கரையோர நீர்ப்பகுதிக்கான அறிக்கையை முழுமையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அதன்பின் சோலன்ட் நடுவே பிராம்பிள் மணல்திட்டிலுள்ள வானிலைக் கம்பத்தின் நேரடி அளவுகளைப் பார்க்கிறேன். பிராம்பிள்மெட் என்ற பெயரில் அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கணித்ததைவிட அங்கே காற்று ஏற்கெனவே கூடுதலாக இருந்தால், முகப்பு முந்திக்கொண்டது என்று பொருள். வைட் தீவின் மேற்குக் கோடியிலுள்ள நீடில்ஸ் முனையின் அளவைப் பார்த்துச் சிலர் மிரள்வார்கள். 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலில் மணிக்கு 122 மைல் வீச்சு அங்கேதான் பதிவானது. ஆனால் அந்த நிலையம் உயரமான முனையில் இருப்பதால், கடல்மட்டத்தில் இருப்பதைவிட அதிகமாகவே காட்டும். பகலும் குறைவு, டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குள் இருக்கும்படி கணக்கிடுகிறேன். காற்று நின்ற தெளிந்த இரவுக்குப் பின் வரும் விடியலில் மேல்தளத்தில் உறைபனி படிந்து வழுக்கும், ஆற்றின்மீது மூடுபனி நிற்கும். அன்றைக்கு ஒன்பது மணிக்கு முன் கயிற்றை அவிழ்ப்பதில்லை.

சென்ற டிசம்பரில் மீண்டும் யார்மத்துக்குப் போனேன். சனிக்கிழமை வெயில். ஞாயிறு காலை அழுத்தம் இறங்கத் தொடங்கியது. காற்று இன்னும் 12 நாட்தான். கயிறுகளை இரட்டித்துக் கட்டி, துறைமுக அலுவலகத்தில் ஒன்பது நாளுக்குப் பணம் கட்டிவிட்டு, முதுகுப்பையோடு மதிய ஃபெரியில் ஏறினேன். கப்பல் திரும்பும்போது என் படகின் பாய்மரம் மற்றவற்றுக்கு நடுவே தெரிந்தது. நடுவழியில் மழை தொடங்கியது. அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போய், லேசான வடகாற்றில் கொண்டுவந்தேன்.